ஹூட் போட்டுப் பறந்த அப்ரோச்சுகளில் எதெல்லாம் அந்த ஆறில் சேரும்?

வடகாற்று

வணக்கம். அமெரிக்காவில் எஃப்ஏஏ (விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிகளின் கீழ் பறக்கும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) உள்ள நண்பர்களிடம் ஒரு சந்தேகம். ஐஎஃப்ஆரில், அதாவது கருவிப் பறப்பு விதிகளின்படி, பைலட்-இன்-கமாண்டாக (பிஐசி, விமானத்துக்குப் பொறுப்பான பைலட்) போக வேண்டுமானால், பறக்கிற மாதத்துக்கு முந்தைய ஆறு காலண்டர் மாதங்களுக்குள் ஆறு அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்குவது), ஹோல்டிங் (ஓரிடத்தில் சுற்றிக் காத்திருப்பது), அப்புறம் கோர்ஸைப் பிடித்து அதன்மேல் விலகாமல் போவது, இவ்வளவும் செய்து லாக்புக்கில் எழுதியிருக்க வேண்டும் என்று 61.57(சி) சொல்கிறது. இதுவரை குழப்பம் இல்லை. ஆனால் அப்ரோச் என்று எழுதியதெல்லாம் அந்தக் கணக்கில் வருமா என்பதில்தான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

என்னிடம் இருப்பவை இப்படி. ஸ்டாக்டன் ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டி அப்ரோச்) ஓடுபாதை 29ஆர், நல்ல வெயிலில், ஃபாகிள்ஸ் (வெளியே பார்ப்பதை மறைக்கும் கண்ணாடி, ஹூட்டும் இதே வேலைக்குத்தான்) போட்டுக்கொண்டு, பக்கத்தில் வெளியே பார்த்துக்கொள்ள சேஃப்டி பைலட், மினிமம்ஸ் (ஓடுபாதை தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக்கூடாத உயரம்) வரை இறங்கியது. இது சேரும் என்று தெரியும். லிவர்மோர் ஐஎல்எஸ் 25ஆர், அதுவும் ஹூட்தான், ஆனால் எஃப்ஏஎஃப் (கடைசிக் கட்டம் தொடங்கும் புள்ளி) தாண்டி இறங்கும்போது முன்னால் ஒரு விமானம் மெதுவாகப் போனதால் டவர் எங்களை வலப்பக்கம் விலகச் சொல்லிவிட்டார்கள், டிஏ (ஐஎல்எஸ்ஸின் மினிமம்ஸ் உயரம்) வரை போகவே இல்லை. மான்டெரே ஐஎல்எஸ் 10ஆர், நிஜ ஐஎஃப்ஆர் கிளியரன்ஸ் (அனுமதி), கடலோர ஸ்ட்ரேட்டஸ் என்ற தாழ்வான மேகத்தட்டுக்குள் இறங்கி டிஏவுக்கு நிறைய முன்னாலேயே ஓடுபாதை தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் ஸாலினாஸில் கன்ட்ரோலர் வெக்டர் (பறக்க வேண்டிய திசை) கொடுக்கும்போது மேகத்துக்குள் இருந்தோம், ஆனால் எஃப்ஏஎஃப்புக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். அதைத் தவிர ஒன்றை முழுக்க ஆட்டோபைலட்டில் விட்டுப் பறந்தேன்.

இதில் எவை சேரும்? சேஃப்டி பைலட் பெயரை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டுமா? ஆர்நாவ் (ஜிபிஎஸ்) அப்ரோச்சில் புரொசீஜர் டர்னுக்கு, அதாவது ஃபைனலை நோக்கித் திரும்பும் வளைவுக்கு, பதிலாகப் போட்டிருக்கிற ஹோல்டை ஒரு சுற்று சுற்றினால் ஹோல்டிங் கணக்கு முடிந்ததா?

முகில்கோடு

நான் சிஎஃப்ஐஐ, கருவிப் பறப்புப் பயிற்சியாளர். இந்தக் கேள்வி மாணவர்களிடமிருந்து அடிக்கடி வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்ஸ்ட்ருமென்ட் நேரத்தை எழுதுவது வேறு, அப்ரோச்சை இந்த ஆறின் கணக்கில் எழுதுவது வேறு. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம் எவ்வளவோ அவ்வளவையும் ஆக்சுவல் என்று எழுதிக்கொள்ளலாம், அது எங்கே நடந்தாலும் சரி. அப்ரோச் அப்படி இல்லை. ஒரு அப்ரோச் எங்கே தொடங்கி எதுவரை போனால் ஒன்று என்று எண்ணலாம் என்பதை 61.57 சொல்வதில்லை. பல வருடங்களாக ஹேங்கர்களில் இதைப் பற்றிச் சண்டை நடந்ததே அதனால்தான். 2015-இல் எஃப்ஏஏ இன்ஃபோ 15012 என்ற குறிப்பை வெளியிட்ட பிறகு பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிட்டன.

அதன் சாரம் இதுதான். அப்ரோச்சின் கட்டங்களைச் சார்ட்டில் உள்ளபடியோ, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கொடுக்கிற வெக்டரிலோ பறந்து ஃபைனல் செக்மென்ட்டுக்குள் (எஃப்ஏஎஃப் தாண்டிய கட்டம்) வந்திருக்க வேண்டும். ஹூட் போட்டுப் பறந்தால் டிஏ அல்லது எம்டிஏ (சரிவு வழிகாட்டல் இல்லாத அப்ரோச்சின் மினிமம்ஸ் உயரம்) வரை ஹூட்டைக் கழற்றாமல் இறங்க வேண்டும். நிஜ மேகம் என்றால் ஃபைனல் செக்மென்ட்டில் நீங்கள் ஐஎம்சியில், அதாவது கருவிகளை நம்பியே பறக்க வேண்டிய வானிலையில், இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு மினிமம்ஸுக்கு முன்னால் எங்கே வெளியே வந்தாலும் பரவாயில்லை. தரையிறங்க வேண்டும் என்றோ மிஸ்ட் அப்ரோச் (இறங்காமல் மீண்டும் ஏறிப் போவது) பறக்க வேண்டும் என்றோ கட்டாயம் கிடையாது.

இதை வைத்துப் பாருங்கள். ஸ்டாக்டன் சேரும். லிவர்மோரும் சேரும், ஏனென்றால் ஹூட் போட்டு எஃப்ஏஎஃப் தாண்டிய பிறகு பாதுகாப்புக்காக, அதாவது இன்னொரு விமானத்துக்காக விலக வேண்டி வந்தால் அதை எண்ணிக்கொள்ளலாம் என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. ஆனால் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். சும்மா நேரம் மிச்சம் பிடிக்க ஆயிரம் அடியில் முறித்துக்கொண்டு அடுத்த அப்ரோச்சுக்குத் திரும்பினால் அது பாதுகாப்புக் காரணம் ஆகாது, சேரவும் சேராது. மான்டெரே, எஃப்ஏஎஃப்புக்கு உள்ளே மேகத்தில் இருந்தீர்கள் என்றால் சேரும். ஸாலினாஸ் சேராது. அன்று பக்கத்தில் தகுதியுள்ள சேஃப்டி பைலட் இருந்து, வெளியே வந்தவுடன் எஃப்ஏஎஃப்புக்கு முன்பே நீங்கள் ஹூட்டை மாட்டிக்கொண்டு மினிமம்ஸ் வரை போயிருந்தால் சேர்ந்திருக்கும். நிஜ மேகமும் ஹூட்டும் கலந்து ஒரே அப்ரோச்சில் வரலாம். ஸ்ட்ரேட்டஸ் காலத்தில் ஃபாகிள்ஸைப் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆட்டோபைலட்டில் பறந்ததும் விதிப்படி சேரும். கையால்தான் ஓட்ட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

எழுதுவது பற்றி. 61.51(ஜி) கேட்பது இரண்டே விஷயம்: ஒவ்வொரு அப்ரோச்சும் எங்கே, என்ன வகை என்பது ஒன்று, சேஃப்டி பைலட் தேவைப்பட்டிருந்தால் அவர் பெயர் இன்னொன்று. "அப்ரோச் 3" என்று மட்டும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது போதாது. ஹூட் என்றால் பெயர் ஒவ்வொரு முறையும் வேண்டும், மேகம் என்றால் வேண்டாம். ஓடுபாதை எண்ணைக் கேட்பதில்லை, ஆனால் எழுதிவிடுங்கள். "ஸ்டாக்டன், ஐஎல்எஸ் 29ஆர், ஹூட், டிஏ வரை" என்று ஒரு வரி இருந்தால் பல மாதம் கழித்துப் பார்க்கும்போதும் அன்று நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஹோல்டிங் எத்தனை முறை என்று விதியில் எண் இல்லை. சார்ட்டில் புரொசீஜர் டர்னுக்குப் பதிலாக வருகிற ஹோல்டை முறைப்படி உள்ளே நுழைந்து ஒரு முழுச் சுற்று சுற்றினால் நான் எண்ணிக்கொள்வேன். வெறுமனே உள்ளே நுழைந்து அப்படியே ஃபைனலுக்குத் திரும்பியதை எண்ண மாட்டேன். காற்றுக்கு எவ்வளவு திருத்தம் வைப்பது, வெளிப்புறக் காலில் எப்போது திரும்புவது என்பதெல்லாம் இரண்டாவது சுற்றில்தான் சரியாகத் தெரியும், அதனால் அப்ரோச் கன்ட்ரோலிடம் இன்னொரு சுற்றுக் கேளுங்கள், நெரிசல் இல்லையென்றால் கொடுப்பார்கள்.

கடலோரஸ்ட்ரேட்டஸ்

மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். மான்டெரே விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. எஃப்ஏஎஃப்புக்கு உள்ளே எவ்வளவு நேரம் மேகத்தில் இருக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பு சொல்வதில்லை. கலிஃபோர்னியாக் கரையில் கோடைகாலத்து மேகத்தட்டு பல நாள் மிக மெல்லியதாக இருக்கும், மேலே பளிச்சென்று வெயில், கீழே நல்ல பார்வை, நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் வெள்ளை. எஃப்ஏஎஃப் தாண்டியதும் ஒரு நொடி வெள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் எழுத்துப்படி சேரும் என்று வாதாடலாம். நான் அதை எழுதுவேன், ஆனால் பக்கத்தில் மேகத்தின் அடி எத்தனை அடியில் இருந்தது என்றும் எழுதிவைப்பேன், ஆறை முடிப்பதற்கு அதை நம்பியிருக்க மாட்டேன். அந்த ஒரு நொடியில் நான் என்ன ஓட்டினேன்? லோக்கலைஸர் (திசை), கிளைடுஸ்லோப் (இறங்கும் சரிவு) இரண்டும் பிடித்து நிலையாகிவிட்ட விமானத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த ஸ்ட்ரேட்டஸ் ஒரு கொடை. உள்ளே ஆட்டம் இல்லை, கோடையில் ஐசிங் கவலை இல்லை, இடி இல்லை, மேல்புறம் பெரும்பாலும் சில ஆயிரம் அடிகளிலேயே முடிந்துவிடும், உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் தெளிவான வானம் மாற்று விமான நிலையமாகக் கிடைக்கும். கரன்ட்டாக, அதாவது இந்த ஆறு கணக்கை முடித்து, இருக்கிறவர்கள் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி ஐஎஃப்ஆர் ஃபைல் செய்து அதற்குள் போய்வாருங்கள். ஹூட்டில் ஓரத்தில் கொஞ்சம் தரை தெரியும், நிழல் நகர்வது தெரியும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று உடம்புக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மேகத்தில் அது எதுவும் இல்லை. குளிர்காலத்தில் மத்தியப் பள்ளத்தாக்கில் வருகிற டூலி மூடுபனியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தரையோடு ஒட்டிக் கிடக்கும், மினிமம்ஸில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், பயிற்சிக்கான இடம் அது இல்லை.

ஹூட்டும் இல்லாமல் மேகமும் இல்லாமல், தெளிவான பகலில் "கண்ணைப் பேனலிலிருந்து எடுக்கவே இல்லை" என்று சொல்லி அப்ரோச் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சேரவே சேராது. நிலா இல்லாத இரவில் கடல்மேல், தொடுவானமே தெரியாத நிலை என்றால் வேறு விஷயம், அதை ஆக்சுவலாக எழுதலாம் என்று 1984-இல் எஃப்ஏஏ சட்டப் பிரிவு ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறது, ஆனால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று லாக்புக்கிலேயே குறித்துவைக்கச் சொல்கிறது.

வடகாற்று

இருவருக்கும் மிக்க நன்றி, ஸாலினாஸை அடித்துவிட்டேன். கூட்டிப் பார்த்தால் ஆறுக்குக் குறைகிறது, இந்த மாதக் கடைசியோடு என் கெடு முடிகிறது. அதற்குள் வானிலையும் விமானமும் ஒத்துவரவில்லை என்றால் நேரடியாக ஐபிசி, அதாவது கருவிப் பறப்புத் திறன் சோதனைதானா? அப்புறம், எனக்கு சேஃப்டி பைலட்டாக வரச் சம்மதித்திருக்கிற நண்பருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடையாது, மெடிக்கல் சான்றிதழும் இல்லை, அதற்கு மாற்றான பேசிக்மெட்தான் வைத்திருக்கிறார். அவர் வரலாமா?

வலதுஇருக்கை

நேரடியாக ஐபிசி இல்லை, பயப்படாதீர்கள். உதாரணத்துக்கு ஜனவரியில் எல்லாவற்றையும் முடித்த ஒருவர் ஜூலை 31 வரை கரன்ட். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அவர் பைலட்-இன்-கமாண்டாக ஐஎஃப்ஆரில் போக முடியாது. ஆனால் அடுத்த ஜனவரி 31 வரை, விஎஃப்ஆர் (கண்ணால் பார்த்துப் பறக்கும்) வானிலையில் சேஃப்டி பைலட்டோடு ஹூட் போட்டுப் பறந்து குறைகிறதை நிரப்பிக்கொள்ளலாம். அதையும் தாண்டிப் பிப்ரவரி வந்துவிட்டால்தான் ஐபிசி இல்லாமல் வழி கிடையாது. ஆக உங்களுக்கு மாதக் கடைசி என்பது ஐஎஃப்ஆர் ஃபைல் செய்கிற உரிமைக்கான கெடு மட்டும், பயிற்சிக்கான கெடு இல்லை. அவசர அவசரமாக மாசக் கடைசியில் எப்படியாவது முடிக்க வேண்டும் என்று மோசமான நாளில் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் நண்பர் வரலாம். 91.109 கேட்பது, குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ், அந்த விமானத்தின் கேட்டகரி, கிளாஸ் ரேட்டிங், முன்னாலும் இரண்டு பக்கமும் போதுமான பார்வை. சேஃப்டி பைலட் தேவையான குழு உறுப்பினர் என்பதால் உடல்தகுதியும் வேண்டும். முன்பு அவர் பைலட்-இன்-கமாண்டாக இருந்தால் மட்டும்தான் பேசிக்மெட் செல்லும் என்று இருந்தது, 2022 டிசம்பரில் அதை மாற்றிவிட்டார்கள். விஎஃப்ஆரில் பறக்கும்வரை அவருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தேவையில்லை. ஆனால் கவனம்: நீங்கள் கரன்ட்டாக இல்லாத காலத்தில், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, ஐஎஃப்ஆர் கிளியரன்ஸை ஏற்கக்கூடாது. இன்ஸ்ட்ருமென்ட்டில் கரன்ட்டாக இருக்கிற ஒருவர் பைலட்-இன்-கமாண்டாக இருக்கச் சம்மதித்து உட்கார்ந்தால் மட்டும்தான் அது முடியும். "பிராக்டிஸ் அப்ரோச், விஎஃப்ஆர்" என்று ரேடியோவில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், "மெயின்டெயின் விஎஃப்ஆர்" என்று பதில் வரும். அதன் அர்த்தம், மேகத்திலிருந்து விலகியிருப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கன்ட்ரோலர் கொடுக்கிற உயரத்தில் மேகம் இருந்தால், ஹூட்டுக்குள் இருக்கிற உங்களுக்குத் தெரியாது, நண்பர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், உடனே ஏடிசியிடம் முடியாது என்று சொல்லவும் வேண்டும். இதைத் தரையிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நான் வலப்பக்கம் உட்கார்ந்து நிறையப் பேருக்குக் கண்ணாக இருந்தவன் என்ற முறையில் இன்னும் சில.

விஎஃப்ஆர் பிராக்டிஸில் மிஸ்ட் அப்ரோச்சும் தானாக அனுமதிக்கப்பட்டது என்று நினைத்துவிடக்கூடாது, கேட்டு வாங்க வேண்டும். "இது எப்படி முடியும்?" என்று கன்ட்ரோலர் கேட்பார், லோ அப்ரோச்சா (இறங்காமல் தாழப் பறப்பது), டச் அண்ட் கோவா (தரை தொட்டு மீண்டும் கிளம்புவது), அதற்குப் பிறகு எங்கே போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுவழியில் முறித்துக்கொள்ளச் சொல்லும் வாய்ப்பும் குறையும். டவர் இல்லாத நிலையத்தில், எல்லோரும் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எதிர்ப்பக்க ஓடுபாதைக்கு அப்ரோச் பறப்பது பெரிய ஆபத்து. அங்கே ஃபிக்ஸின் (சார்ட்டில் குறித்த புள்ளி) பெயரைச் சொல்லி அறிவித்தால் சுற்றுவட்டத்தில் இருக்கிற மாணவப் பைலட்டுக்கு ஒன்றும் புரியாது. "ஐந்து மைல் வடக்கே, இரண்டாயிரம் அடி, நேராக வருகிறோம், தாழப் பறந்து இடப்பக்கம் விலகுவோம்" என்று சொல்லுங்கள். சேஃப்டி பைலட் அப்ரோச் சார்ட்டைப் பார்த்து உங்களுக்கு உதவுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டால் அவரை வெளியே பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யார் பைலட்-இன்-கமாண்ட் என்று கிளம்பும் முன்பே தீர்மானிக்க வேண்டும். நண்பர் அந்தப் பொறுப்பை ஏற்றால், நீங்கள் ஹூட் போட்டிருக்கிற நேரத்தை மட்டும் அவர் பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம், ஏற்கவில்லையென்றால் எஸ்ஐசி (இரண்டாவது பைலட்). நீங்கள் ஓட்டுகிறவர் என்பதால் உங்களுக்கு இரண்டு விதத்திலும் பிஐசி நேரம் வரும். ஆனால் அவர் பொறுப்பேற்பதாக இருந்தால் காப்பீட்டுப் பத்திரத்தில் அவருக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், வாடகை விமானங்களில் இது பலமுறை இடிக்கும். நீங்கள் பறந்த அப்ரோச்சை அவர் தன் கணக்கில் எழுத முடியாது.

பச்சைஅம்பு

வானிலையும் விமானமும் கிடைக்கவில்லை என்றால் சிமுலேட்டரை ஏன் யாரும் சொல்லவில்லை? எஃப்ஏஏ அங்கீகரித்த ஏவியேஷன் டிரெய்னிங் டிவைஸில் ஆறு அப்ரோச், ஹோல்டிங், டிராக்கிங் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம், விமானத்தில் பாதி இதில் பாதி என்றும் கலந்துகொள்ளலாம். 2018 நவம்பர் வரை பயிற்சியாளர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும், இந்த வகைக் கருவியை மட்டும் நம்பினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்றெல்லாம் இருந்தது. இப்போது அது இல்லை, தனியாகவே செய்து எழுதலாம், ஆறு மாதம்தான் கணக்கு. அந்தக் கருவிக்கு எஃப்ஏஏ கொடுத்த அங்கீகாரக் கடிதம் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வீட்டுக் கணினியில் ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுவது எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் கணக்கில் வராது, கைவாட்டத்துக்கு நல்லது, அவ்வளவே. கடிதத்தின் நகல் ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லாக்புக்கில் கருவியின் பெயரையும் எழுதுங்கள்.

விமானத்தில் செய்ய முடியாததை இதில் செய்யலாம் என்பதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது. ஃபைனலில் இருக்கும்போது ஆட்டிட்யூட் காட்டியைச் செயலிழக்க வைப்பது, எல்பிவி (இறங்கும் சரிவையும் காட்டும் ஜிபிஎஸ்) அப்ரோச்சில் திடீரென்று எல்நாவுக்கு (சரிவு இல்லாமல் திசை மட்டும்) இறங்கிவிட்டது என்று ஜிபிஎஸ் காட்டுவது, எஃப்ஏஎஃப்பில் எஞ்சினை நிறுத்துவது. நடுவில் நிறுத்திவைத்து யோசித்துவிட்டுத் தொடரவும் முடியும்.

முகில்கோடு

சிமுலேட்டர் பற்றிச் சொன்னது சரி, நானே சொல்லியிருக்க வேண்டியது.

வடகாற்று, மீதி அப்ரோச்சுகளை எதில் முடிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை யோசியுங்கள். ஒரே நிலையத்தில் ஒரே ஐஎல்எஸ்ஸை வெக்டரிலேயே ஆறுமுறை பறந்தாலும் விதி நிறைவேறிவிடும். அது எல்லாவற்றிலும் சுலபமான அப்ரோச், ஏடிசி கையைப் பிடித்து ஃபைனலில் கொண்டுபோய் விடுவார்கள். நிஜமான நாளில் திணறுகிற இடம் அதுவாக இருக்காது. ரேடார் இல்லாத இடத்தில் ஃபிக்ஸிலிருந்து தொடங்கி, ஹோல்டுக்குள் எப்படி நுழைவது என்று கணக்குப் போட்டு, படிப்படியாக இறங்குகிற எல்நாவைக் கையால் ஓட்டி, எம்டிஏவில் சமமாக நின்று, மிஸ்ட் அப்ரோச் பாயிண்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு ஏறி, அந்த ஏற்றத்தின் நடுவிலேயே அடுத்த அப்ரோச்சை ஜிபிஎஸ்ஸில் ஏற்றுவது, இதில்தான் எல்லோருடைய கையும் தடுமாறும். இப்படி ஒன்று, வட்டமிட்டு இறங்குகிற சர்க்ளிங் ஒன்று, பேனலில் பாதியை மூடிவைத்து ஒன்று, மீதியை ஐஎல்எஸ் அல்லது எல்பிவியில் பறந்துகொள்ளுங்கள். ஆட்டோபைலட்டில் பறந்ததை விதி ஏற்கிறது, நானும் ஏற்கிறேன், அதைச் சரியாகப் பயன்படுத்தவும் பழக்கம் வேண்டும். ஆனால் ஆறுமே அதில் என்றால், அது ஃபைனலில் கழன்றுகொள்கிற நாளில் உங்கள் கை எப்படி இருக்கும் என்பதற்கு லாக்புக்கில் பதில் இருக்காது.

இன்னொன்று. கெடு தாண்டாவிட்டாலும் சிலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐபிசியே செய்துகொள்கிறார்கள். நல்ல பழக்கம். ஆறு எண்ணுகிற வேலையும் இல்லை, உங்கள் பிழைகளை வெளியே இருந்து ஒருவர் பார்த்தும் சொல்கிறார்.

வடகாற்று

தெளிவாகிவிட்டது. சனிக்கிழமை வானிலை சரியாக இருந்தால் நண்பரோடு விஎஃப்ஆரில் ஸ்டாக்டன் பக்கம் போய், ஹோல்டுடன் கூடிய ஆர்நாவ் ஒன்றையும் வெக்டர் இல்லாமல் கேட்டு வாங்கப் போகிறேன். இல்லையென்றால் சிமுலேட்டர். யார் பிஐசி என்பதை இன்று இரவே பேசிவிடுகிறேன்.

புதுசிஎஃப்ஐஐ

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதோடு ஒட்டிய கேள்வி. மாணவர் ஓட்டுகிறார், நான் வலப்பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன். அவர் பறக்கிற அப்ரோச் என் ஆறில் சேருமா?

முகில்கோடு

நிஜ மேகத்துக்குள் கற்றுக்கொடுத்தால் சேரும், எஃப்ஏஏ சட்டப் பிரிவு அதை ஒரு விளக்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர் ஹூட் போட்டு, நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் சேராது, உங்களுக்கு இன்ஸ்ட்ருமென்ட் நேரமும் வராது. எழுதும்போது "மாணவர் பறந்தது, ஆக்சுவல்" என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.